பின்பக்கம் ஏற்றிய பாரம்

சின்ன டிரெய்லர் எடுக்க வருகிறவர்கள் ஒரு வேலையைத் தவறாமல் செய்வார்கள். டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார்கள். அதில் என்ன தெரிகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் அந்த வண்டிகளில் பார்க்க வேண்டியது எடை. என் கடை வாசலிலேயே எடைமேடை இருக்கிறது. ஏற்றி, நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் வாடகைக்கு விடுவேன். எடை விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

என் தங்கையின் கணவர் டயரை இரண்டு தடவை உதைத்தார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. வெறும் வாய்ச்சவடால் பேர்வழி. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று என் வீட்டு மாடியையே கொடுத்தேன். அதில் உட்கார்ந்து தின்றுகொண்டே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார். ரொம்ப நல்லது என்றேன்.

சாமான் கொண்டுபோக டிரெய்லர் கேட்டு வந்தார். இரும்பில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, இரண்டையும் மேடையில் ஏற்றிக் காட்டினேன். அலுமினியம் கிட்டத்தட்டப் பாதி எடைதான்.

"லேசானதையே குடுங்க மச்சான். இழுக்கறதே தெரியாது, பறந்துடலாம்."

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

வெறும் வண்டிகளின் எடையை எல்லோரும் ஒப்பிடுவார்கள். ஏற்றிய பாரம் எங்கே உட்கார்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரும்பங்கு சக்கரத்துக்கு முன்னால், கார் பக்கமாக இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், வேகமெடுத்ததும் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடும். கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். இரும்பு வண்டி என்றால் அதன் சொந்த எடை கொஞ்சமாவது பிடித்து நிறுத்தும். வருகிற எல்லோருக்கும் இதை நான் அலுக்காமல் சொல்வேன். கேட்டுக் கேட்டுத் தங்கைக்கே மனப்பாடம். அவருக்குச் சொல்லவில்லை.

சாமான்களை நானே ஏற்றினேன். மெத்தை, தலையணை, துணிமூட்டைகள் முன்னால். இரும்பு பீரோ, வாஷிங் மெஷின், தங்கையின் தையல் மெஷின் எல்லாம் பின்கதவை ஒட்டி. நகராமல் இறுக்கிக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டேன்.

"மச்சான் கட்டினா அதுக்கு மேல பேச்சே கிடையாது," என்று முதுகில் தட்டினார். அந்தக் கையை முறிக்கலாம் போலிருந்தது.

அவர் மட்டும் தன் காரில் முதலில் போவது, தங்கை மறுநாள் பஸ்ஸில் போவது என்றுதான் பேச்சு. கிளம்பும் நேரத்தில் அவள் பையோடு இறங்கி வந்தாள்.

"நானும் கார்லயே போயிடறேண்ணா. தனியா பஸ்ல எதுக்கு?"

ஏறி உட்கார்ந்துவிட்டாள். தார்ப்பாயை அவிழ்த்து மாற்றி அடுக்க அரைமணி நேரம் கூட ஆகாது. ஜன்னலருகே போனேன்.

"ஏண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அதற்குள் அந்த ஆள் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டில் ஒரு நாள் கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"ஒண்ணுமில்ல. பத்திரமா போயிட்டு வா," என்றேன்.

பாலம் தாண்டி வரும் இறக்கத்தில் கார் புரண்டது. அவர் அங்கேயே போய்விட்டார். கொன்றது நான்தான். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மருந்து, சாப்பாடு, துணி மாற்றுவது எல்லாம் நான்தான் பார்க்கிறேன். என்னைக் கண்டால் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததே அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், உடம்பு முடியாதவள், எனக்கு அவள்மேல் கோபமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் ஐயா. மருந்து கொடுக்கிற நேரமாகிவிட்டது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?