காற்று நிலவரம்

அக்கா: ...அதாவது, நீ சும்மா உட்கார்ந்திருந்தியாம். விமானத்தைக் காப்பாத்தினதே அவர்தானாம். டிவியில சொல்லிக்கிட்டிருக்கார்.

தம்பி: யாரு, எங்க முதலாளியா?

அக்கா: பின்னே? குட்டி விமானம், பேய்க் காத்து, பைலட் கலங்கிட்டான், நான் மட்டும் நிதானம் தவறலைன்னு...

தம்பி: நிதானமாத்தான் இருந்தார். இறக்கை தரையில இடிச்சு, சக்கரம் பிய்ஞ்சு, புல்லுல போய் நின்னப்போ என் மடியில இருந்தார்.

அக்கா: சிரிக்காதடா, விலா எலும்பு... யாரும்மா அது வார்டு வாசல்ல?

வந்தவள்: நான்... ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல இருந்து வர்றேன்.

தம்பி: அக்கா, நீ போய் எக்ஸ்ரே வாங்கிட்டு வாயேன்.

அக்கா: காலையிலேயே வாங்கியாச்சேடா.

தம்பி: இன்னொரு தடவை வாங்கு.

அக்கா: ஓகோ. சரி, சரி. உட்காரும்மா. அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும்.

டவர்: ...வாயைத் திறந்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்க.

தம்பி: ரெண்டு வருஷமா வாரா வாரம் காதுக்குள்ள கேட்ட குரலாச்சே. டவர்னா நெட்டையா இருப்பீங்கன்னு நினைச்சேன்.

டவர்: நாற்காலியில தலையணை போட்டுத்தான் ஜன்னலே எனக்கு எட்டும். நீங்க மட்டும் என்ன, குரல்ல தொப்பையோட இருந்தீங்க.

தம்பி: முதலாளியோட தொப்பைக்கே எடை சரியாப் போயிடும். எனக்கும் இருந்தா விமானம் கிளம்பாது.

டவர்: நாளைக்கு விசாரணை. என்னைக் கூப்பிட்டிருக்காங்க.

தம்பி: என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போயாச்சு. முதலாளி பாத்ததைச் சொல்லிட்டார்போல, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அந்தக் காத்துல, சக்கரம் தரையைத் தொடப் போற நேரத்துல, ரேடியோ பட்டனை அமுக்க எப்படி மனசு வந்துச்சுன்னு.

டவர்: என்ன சொன்னீங்க?

தம்பி: காத்து நிலவரம் கேட்டேன்னு.

டவர்: அதுக்கு முன்னாடியே அத்தனை தடவை கேட்டிருந்தீங்களே.

தம்பி: அதையும் சொன்னேன். பயந்த சுபாவம்னு எழுதிக்கிட்டாங்க.

டவர்: நிஜமாவே பயமா?

தம்பி: முதல் தடவை பயம். மத்ததெல்லாம்... ரேடியோவுல உங்ககிட்ட வேற எதைக் கேக்க முடியும்? சாப்பிட்டாச்சான்னு கேட்டா லைசென்ஸ் போயிடும். இப்போ எப்படியும் அது போகத்தான் போகுது.

டவர்: அதான் வந்தேன். நாளைக்கு நான் உள்ளதைச் சொல்லப் போறேன்.

தம்பி: பேசாம இருங்க. உங்க பதிவு மெஷினே ஓடலையாமே?

டவர்: ஏர்போர்ட் திறப்பு விழாவுல முதலாளி பேசினதைப் பதிவு பண்ணுச்சு. பாதிப் பேச்சுல நின்னதுதான், அப்புறம் ஓடவே இல்லை.

தம்பி: அதுக்காவது அவர் பேச்சுல இருந்து தப்பிக்க ஒரு வழி இருந்துச்சு. விமானம் இடிச்ச அன்னைக்கு அவரும் முடி கலையும்னு ஹெட்போனைக் கழட்டிட்டார். ரேடியோவுல பேசினதைக் கேட்டது நாம ரெண்டு பேர்தான். பழி என்னோடயே போகட்டும். உங்களுக்காவது வேலை நிலைக்கணும்ல?

டவர்: நிலைச்சு? நீங்க வராத வானத்தைப் பாத்துக்கிட்டு உட்காரவா?

தம்பி: உள்ளதைச் சொல்றேன்னா, முதல்ல எனக்குச் சொல்லுங்க. கடைசித் தடவை நான் எதுவும் கேக்கலை. ரெண்டு கையும் விமானத்தைப் பிடிக்கவே போதலை. நீங்களாத்தான் கூப்பிட்டீங்க. பதில் சொல்லாம இருக்க முடியலை... ஒரு கையை எடுத்தேன், அந்த நேரம் பாத்து காத்துல ஒரு வீச்சு. நீங்க கூப்பிட்டப்போ காத்து மாறவும் இல்லை, சொல்றதுக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. எதுக்குங்க கூப்பிட்டீங்க?

டவர்: இறங்கிட்டா ரேடியோவை அணைச்சிடுவீங்க... அப்புறம் உங்க குரல் அடுத்த வாரம்தானே.