பெட்ரோலும் போடக்கூடிய அட்டை

என் பெயர் டோரீன் க்ரூப்கா, வயது 58, கணவர் பெயர் வால்ட். பஃபலோ நகரின் கிழக்குப் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இதுவரை என் மீது எந்த வழக்கும் இல்லை. வேகமாக ஓட்டியதாக ஒரு அபராதச் சீட்டுகூட இல்லை.

சென்ற வருடம் மார்ச் மாதம், சர்க்கரைப் புண் முற்றியதால் என் கணவரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, மருத்துவமனைப் பெண் ஒருத்தி கையில் டேப்லெட்டுடன் வந்தாள். "மேடம், இங்க விரல வச்சு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, பில்லப் பத்திக் கவலையே வேண்டாம், மாசாமாசம் கட்டிக்கலாம்" என்றாள். என் இடது கையில் வால்டின் செருப்பு இரண்டும் இருந்தன. வலது கை விரலால் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு தபாலில் ஒரு வங்கியின் கடன் அட்டை வந்தது. மருத்துவமனைக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் வங்கி கொடுத்துவிட்டது, நான் வங்கிக்குக் கட்ட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வந்தேன். இந்த வருடம் கோடை விடுமுறையில் பேருந்தும் இல்லை, சம்பளமும் இல்லை, இரண்டு தவணை விட்டுப்போனது. வங்கி உடனே என் பெயரைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம், சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுள்ள ஒரு தரைத்தளக் குடியிருப்பில் வீடு கேட்டு மனுக் கொடுத்தேன். காலை எடுத்ததிலிருந்து என் கணவர் நான்கு முறைதான் தெருவைப் பார்த்திருக்கிறார், நான்கு முறையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் கடன் தகவல் நிறுவனம் கொடுத்த கடன் மதிப்பெண் போதாது என்று என் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த வாரம் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடி லென்னி பாஸ்டர்நாக் அதே குடியிருப்பில் மனுப் போட்டார், அவருக்குச் சாவி கிடைத்தது. அவருக்கும் அதே மருத்துவமனையில்தான் இதய அறுவை நடந்தது. இன்று வரை ஒரு காசு கட்டவில்லை. மருத்துவமனை அனுப்பிய உறைகளைப் பிரிக்காமல் ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் மாடியேறி வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டோரீன், என்னத் திட்டிடாத. ஆஸ்பத்திரிக் கடன அந்தக் கடன் தகவல் கம்பெனிக்குப் போட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு இந்த மாநிலத்துல சட்டம் இருக்கு. நீ கட்டியிருக்கவே கூடாது."

"உன்ன எதுக்கு லென்னி திட்டுறேன்? கட்டின என் கையில கொள்ளி வைக்கணும்" என்றேன்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நல்ல சட்டம்தான். அது எனக்கு ஏன் இல்லை என்று கேட்க வங்கிக்குப் போன் செய்தேன். "அது மருத்துவத்துக்குன்னே குடுக்கிற அட்டைக்குத்தான் மேடம். இது பொது அட்டை. நீங்க பெட்ரோலும் போட்டுக்கலாமே" என்றான் போனில் பேசியவன்.

"ஒரு சொட்டாவது போட்டேனா? பாத்துச் சொல்லுய்யா!"

"போடல மேடம். ஆனா போட முடியும்."

அதன் பிறகு செப்டம்பர் 9ஆம் தேதி காலை, பேருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். வங்கியின் பணத்தை வங்கிக்கே திருப்பிக் கொடுங்கள், நான் உங்களுக்கே கடன்காரியாக இருந்துகொள்கிறேன் என்று கெஞ்சினேன். ஆம், கடன்காரியாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து, "உங்க பாக்கி சுத்தமா தீந்துடுச்சு மேடம், வாழ்த்துகள்" என்றார். புகார் செய்ய வேண்டும் என்றேன். அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, "விரலால ஒரு கையெழுத்து" என்றார். அதை எடுத்துக் கவுண்டர் விளிம்பில் அடித்தேன். இரண்டாவது அடியில் உடைந்தது. மூன்றாவது அடியும் அடித்தேன். யாரையும் தொடவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காவலருக்காகக் காத்திருந்தேன்.

உடைத்தது நான்தான். அந்தப் பொருளுக்காக வருத்தமில்லை.

இந்த வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில் காவலர் திரையில் பார்த்துப் படித்துக் காட்டினார். பிறகு அவரும் ஒரு டேப்லெட்டை நீட்டி விரல் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். பிரிண்டர் மேல்மாடியில் இருக்கிறது, நேரமாகும் என்றார். "ஆகட்டும் சார். மாடியில உக்காந்து காத்திருக்கிறவரு எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, எங்களுக்குப் பழக்கம்தான்" என்றேன். இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதினார்.

காகிதத்தில் வந்த இதை ஒவ்வொரு வரியாக இரண்டு முறை நானே படித்தேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி, என் வாயால் சொன்னது.

(பேனாவால்)
டோரீன் க்ரூப்கா