வெள்ளச்சி வைத்த தொட்டி

அத்தாயி: அத மட்டும் தொடாதீங்க டீச்சர். அவ வந்து பாத்தா ஊட்டையே ரெண்டாக்கிப் போடுவா.

சாந்தாமேரி: நான் சொல்லிக் குடுத்துதானே உங்க மக தொட்டி வெச்சா? நான் பாக்கக் கூடாதா?

அத்தாயி: உங்களையும் சேத்துத்தாங்க சொன்னா. "டீச்சரே வந்தாலும் தொட்டி மேல கவுத்த பாட்டிலத் தொறக்கக் கூடாது"ன்னுட்டுத்தான் ஓடைக்குத் தண்ணிக்குப் போயிருக்கறா.

சாந்தாமேரி: அடேங்கப்பா! ரெண்டாம் கிளாசுலயே சட்டம் பேசறாளே வெள்ளச்சி...

அத்தாயி: நொம்பப் பேசறா. மணலு காயக் கூடாது, வெயிலு படக் கூடாது, புடுங்கிப் பாக்கக் கூடாது... மூணு வாரமா எங்களுக்குப் பாடம் நடக்குது.

சாந்தாமேரி: எல்லாம் நான் சொன்னதுதான். சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டது இவ ஒருத்திதான் போல. காலைல இருந்து பத்தொம்பது வீடு ஏறி இறங்கிட்டேன், அத்தாயிம்மா. அருள்சாமி ரோஜாக் குச்சியைத் தலைகீழா நட்டு வெச்சிருக்கான். சின்னன் மக தினமும் பிடுங்கிப் பாத்துட்டு மறுபடி நடறாளாம், வேர் வந்துச்சான்னு.

அத்தாயி: அய்ய... அப்பறம் எங்கிருந்துங்க வேரு வரும்!

சாந்தாமேரி: அதான். ஆனா ஏழெட்டு வீட்டுல நல்லாத் துளிர் விட்டிருக்கு. மே மாசம் ஏற்காட்டுல மலர்க் கண்காட்சி வருதில்ல? அதுல நம்ம தலைச்சோலைப் பிள்ளைங்க வளத்த தொட்டின்னு ஒரு மேசை போட்டுடணும்னு எனக்கு ஆசை. இப்ப வேர் பிடிச்சாத்தான் அப்பப் பூக்கும். இவ என்ன நட்டிருக்கா? ரோஜாவா, ஜெரேனியமா?

அத்தாயி: தெரியலீங்களே. கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா.

சாந்தாமேரி: பாட்டிலுக்குள்ள இலை ஒண்ணையும் காணமே... வெறும் மணல்தான் தெரியுது. குச்சியை முழுசா உள்ள புதைச்சிட்டாளா? அழுகியிருக்கும். லேசா வாடைகூட வருதே...

அத்தாயி: அது எலிங்க. எங்கியோ செத்துக் கெடக்குது. நானும் தேடிப் பாத்துட்டேன், ஆப்புடல.

சாந்தாமேரி: ஒரு நிமிசம். லேசா விரலை விட்டுப் பாத்துட்டு அப்படியே மூடிடறேன். அவளுக்குத் தெரியவா போகுது?

அத்தாயி: வேண்டாங்க டீச்சர்... சொன்னாக் கேளுங்க...

சாந்தாமேரி: இருக்கு, இருக்கு... என்னமோ தட்டுப்படுது. கொழகொழன்னு... அழுகித்தான் போச்சு, பாவம். இஞ்சி கிஞ்சி நட்டுட்டாளா? உள்ள கெட்டியா ஒண்ணு... இருங்க, எடுத்து...

அத்தாயி: என்னங்க அது?

சாந்தாமேரி: இஞ்சி இல்ல இது... ஐயோ!

அத்தாயி: ஏனுங்க டீச்சர், ஏன் கீழ போட்டுட்டீங்க?

சாந்தாமேரி: நகம்...

அத்தாயி: என்னதுங்க?

சாந்தாமேரி: அதுல நகம் இருக்கு, அத்தாயிம்மா... மாதாவே... தண்ணி ஊத்துங்க, கையில தண்ணி ஊத்துங்க!

அத்தாயி: ஊத்தறேன், ஊத்தறேன்... கைய நீட்டுங்க... பூரானுங்களா? கடிச்சிருச்சுங்களா?

சாந்தாமேரி: பூரான் இல்ல. பாக்காதீங்க... நீங்க பாக்காதீங்க...

அத்தாயி: தள்ளுங்க, என்னன்னு பாக்கறேன்... ஐயோ! ஐயோ சேர்வராயா!

சாந்தாமேரி: பாக்காதீங்கன்னு சொன்னேனே... யாரோடது? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? போலீசுக்கு ஆள் அனுப்பணுமா?

அத்தாயி: போலீசா... வேற யாரதுங்க டீச்சர்! எங்கூட்டுக்காரரு வெரலுங்க அது!

சாந்தாமேரி: ஐயாக்கண்ணு விரலா? பொங்கல் கழிச்சு... காப்பிப் பழம் உரிக்கற பல்பர் மிஷின்ல போச்சே... அந்த விரலா?

அத்தாயி: அதேதாங்க. சோத்தாங்கை ஆள்காட்டி வெரலு. கணக்கு எழுதற எஸ்டேட்டு ரைட்டரு எங்கியாச்சும் பொதைச்சிருப்பாருன்னு நெனச்சோம். இது எப்படிங்க எம்புள்ள கைக்கு வந்துச்சு...

சாந்தாமேரி: இந்தச் சாக்கைப் போட்டு அதை மூடிட்டேன். மொதல்ல உக்காருங்க. யோசிச்சுச் சொல்லுங்க, அன்னிக்கு யார் என்ன கொண்டு வந்தாங்க?

அத்தாயி: அன்னிக்கு பல்பருக்குச் சோத்துப் போசி கொண்டு போனது வெள்ளச்சிதாங்க. கொஞ்ச நேரங் கழிச்சு ஓடியாந்தா, மூச்சே வரல. அப்பனை ஜீப்புல சேலத்துக்குக் கொண்டு போயிட்டாங்கன்னா. போசிப் பையில அவரு துண்டு சுருட்டி இருந்துச்சு. ஒரே ரத்தம்... ஐயோ! துண்டு!

சாந்தாமேரி: துண்டுக்குள்ளயா?

அத்தாயி: நான் பிரிச்சுப் பாக்கலீங்க. எனக்கு ரத்தம் பாத்தாத் தலை சுத்தும். பஸ்ஸு போயிருமேன்னு அவசரம்... "இத ஓடையில அலசிக் காயப் போடு சாமி"ன்னு அவ கையில குடுத்துட்டு ஓடிட்டேன். நானேதான் குடுத்தேன். என்ற கையாலயே...

சாந்தாமேரி: ஏழு வயசுப் பிள்ளை... தனியா ஓடையில உக்காந்து பிரிச்சிருக்கா...

அத்தாயி: சொல்லாதீங்க! எனக்கு மனசுல அப்படியே தெரியுது...

சாந்தாமேரி: அழாதீங்க. உங்களுக்குத் தெரியாம நடந்தது. நான்தான் தெரிஞ்சே சொன்னேன்.

அத்தாயி: நீங்க என்னத்தச் சொன்னீங்க?

சாந்தாமேரி: அந்த வாரந்தான் செடி வளக்கற பாடம். "ஒடிஞ்சு போன கிளை செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க. ஈர மணல்ல நட்டு, பாட்டிலைக் கவுத்து மூடி, பொறுமையா இருந்தா மறுபடி வளரும்"னு சொன்னேன். திங்கக்கிழமை இவ எழுந்து நின்னா. "எத வெட்டி நட்டாலும் மொளைக்குமா டீச்சர்?"னா.

அத்தாயி: நீங்க?

சாந்தாமேரி: நான் நோட்டுத் திருத்திட்டிருந்தேன். தலை நிமிராமயே "முளைக்கும், உக்காரு"ன்னுட்டேன்.

அத்தாயி: டீச்சர்...

சாந்தாமேரி: நேத்துக்கூட வந்து "இன்னும் எத்தன நாள் டீச்சர்?"னு கேட்டா. ஆசையா இருக்காளேன்னு கன்னத்தைக் கிள்ளி அனுப்பினேன், அத்தாயிம்மா. கன்னத்தைக் கிள்ளி...

ஐயாக்கண்ணு: அட, டீச்சரம்மாங்களா! வாங்க, வாங்க. ஏம்புள்ள அத்தாயி, காப்பித்தண்ணி வெச்சியா?

அத்தாயி: வெக்கறேங்க... நீங்க வாசல்லயே நில்லுங்க.

ஐயாக்கண்ணு: என்னங்க, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க? வெள்ளச்சி கணக்குல முட்டை வாங்கிட்டாளா? எனக்கும் கணக்கு வராதுங்க. இப்ப ஒம்பது வெரலுதான், இன்னும் மோசம்!

அத்தாயி: ஏனுங்க, வெளையாடாதீங்க... அந்தச் சாக்க மட்டும் எடுக்காதீங்க!

ஐயாக்கண்ணு: ஏன், சாக்குக்குக் கீழ என்ன பாம்பா? தொட்டி சாஞ்சு கெடக்குது... மணலு கொட்டிக் கெடக்குது... புள்ள வந்தா அழுவாளே. யாரு இதக் கொட்டுனது?

சாந்தாமேரி: நான்தான். ஐயாக்கண்ணு, கொஞ்சம் மனசைத் திடமா வெச்சுக்குங்க. பாப்பா அந்தத் தொட்டியில செடி நடல.

ஐயாக்கண்ணு: பின்ன?

சாந்தாமேரி: உங்க விரலை நட்டிருக்கா.

ஐயாக்கண்ணு: என்ற வெரலையா?

அத்தாயி: துண்டுல இருந்துருக்குதுங்க. நான் பாக்காம அவகிட்டக் குடுத்துட்டேன்.

ஐயாக்கண்ணு: ஆமா... முருகேசன் ரைட்டரு தேடி எடுத்தாரு. ஆஸ்பத்திரியில ஒட்ட வெப்பாங்கன்னு துண்டுல சுருட்டுனாரு. ஜீப்புல ஏத்தற அவசரத்துல பை மாறிப் போச்சாட்ட... நானே மறந்துட்டேன். அவ... நட்டா வெச்சிருக்கறா?

சாந்தாமேரி: தினமும் தண்ணி தெளிச்சு, பாட்டில் மூடி... முளைக்கும்னு காத்துட்டிருக்கா.

ஐயாக்கண்ணு: அதானா... அதாங்க தெனமும் காத்தால வந்து "கட்டப் பிரிச்சுக் காட்டுப்பா"ம்பா. உத்து உத்துப் பாப்பா. "அரிக்குதாப்பா? உள்ள என்னமோ வர்றாப்பல இருக்குதாப்பா?"ம்பா. புண்ணு ஆறுச்சான்னு கேக்கறான்னு நெனச்சேன். "ஆமா சாமி, அரிக்குது"ம்பேன். அவளுக்கு மூஞ்செல்லாம் சிரிப்பு...

அத்தாயி: போதுங்க... போதும்...

சாந்தாமேரி: கேளுங்க ரெண்டு பேரும். அவ திரும்பி வர்ற நேரம் ஆச்சு. நான் இங்கயே இருக்கேன். நான் சொன்ன தப்பை நானே சொல்லிடறேன். செடிக்குத்தான் அப்படி வரும், மனுசனுக்கு வராது கண்ணுன்னு...

ஐயாக்கண்ணு: வேண்டாங்க.

அத்தாயி: வேண்டாங்க டீச்சர், இன்னிக்கு வேண்டாம்!

சாந்தாமேரி: பின்ன என்னைக்கு? இதை மறுபடி தொட்டிக்குள்ள வெக்கச் சொல்றீங்களா?

அத்தாயி: அய்யய்ய... அது இல்லீங்க...

ஐயாக்கண்ணு: நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிக்கலாங்க.

சாந்தாமேரி: நாயா? அப்பா விரலை நாய் தின்னுடுச்சுன்னா பிள்ளை தாங்குமா? நிசத்தைச் சொன்னா ரெண்டு நாள் அழும், விட்டுடும். குழந்தைங்க அப்படித்தான்.

ஐயாக்கண்ணு: மத்த கொழந்தைங்க உட்டுரும். இவ உட மாட்டாங்க.

சாந்தாமேரி: ஏன்? ரெண்டு பேரும் ஒரே மாதிரி பயப்படறீங்களே. என்ன விசயம்?

அத்தாயி: ஒண்ணுமில்லீங்க.

ஐயாக்கண்ணு: ஒண்ணுமில்லீங்க டீச்சர்.

சாந்தாமேரி: ஐயாக்கண்ணு... நான் வாத்தியார் வேலைக்கு வந்து பதினோரு வருசம். ஒண்ணுமில்லைன்னு பிள்ளைங்க சொல்றப்ப எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க இப்ப அப்படித்தான் நிக்கறீங்க.

ஐயாக்கண்ணு: ...அத்தாயி, நீ ஓடைப்பக்கம் போயி புள்ள வாராளான்னு பாத்துட்டு வா.

அத்தாயி: நான் போகல. எதா இருந்தாலும் என்ற முன்னாலயே சொல்லுங்க.

ஐயாக்கண்ணு: சொன்னா நீ சாமி ஆடக் கூடாது.

அத்தாயி: சொல்லுங்க.

ஐயாக்கண்ணு: மிஷினு ஓடலீங்க டீச்சர்.

சாந்தாமேரி: என்ன சொல்றீங்க?

ஐயாக்கண்ணு: ஊரெல்லாம், ஓடற மிஷின்ல கைய உட்டுட்டான் கிறுக்கன்னு பேசுது. ரைட்டருகிட்ட நானேதான் அப்படிச் சொன்னேன். ஆனா அன்னிக்குப் பழம் அடைச்சுக்கிச்சு. மோட்டார நிறுத்திட்டுத்தான் கைய உட்டேன். பதினாலு வருசமாப் பாக்கற வேலைங்க, ஓடறதுல உடுவனா?

சாந்தாமேரி: அப்பறம் எப்படி...

ஐயாக்கண்ணு: வெளிய ஒரே மூடுபனி. பல்பரு ஊட்டுக்குள்ள கருக்கல் கட்டிக்கிச்சு. இவ போசியோட வாசல்ல வந்து நின்னா. "இருட்டா இருக்குதேப்பா, உனக்குக் கண்ணு தெரியுதா?"ன்னா. நான் பழத்த நோண்டிட்டே "தெரியல சாமி"ன்னேன். சும்மாதாங்க சொன்னேன்...

சாந்தாமேரி: ஐயோ...

ஐயாக்கண்ணு: மோட்டார் சுச்சிய லைட்டு சுச்சின்னு நெனச்சுட்டா. அப்பனுக்கு வெளிச்சம் போடறேன்னு... எக்கி நின்னு போட்டுட்டா.

சாந்தாமேரி: வெள்ளச்சியா...

ஐயாக்கண்ணு: கத்திட்டே திரும்பிப் பாக்கறேன். சுச்சி மேல கைய வெச்சுட்டு அப்படியே நிக்கறா. நானே எட்டி நிறுத்திட்டு, "உனக்கு ஒண்ணுமில்ல சாமி, அப்பன் கை வழுக்கிருச்சு"ன்னேன். ஒருத்தருகிட்டயும் மூச்சு உடல. ஊரு அவளப் பாக்கறப்பவெல்லாம் அதையே பேசும். சின்னப் புள்ள, எதனால மிஷினு ஓடுச்சுன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு நம்பிட்டிருந்தேன். இந்தத் தொட்டியப் பாத்தப்பறம்... தெரிஞ்சுதாங்க நட்டிருக்கறா.

சாந்தாமேரி: மூணு வாரமா தனியா சுமந்துட்டிருக்கா...

ஐயாக்கண்ணு: இனிச் சுமக்க வேண்டாங்க. நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர், நான் சொல்லிக்கறேன். எனக்கு அன்னிக்கே தெரியும், அப்பனுக்குக் கோவமே இல்லன்னு மொதல்ல சொல்லிப்போடறேன். மொளைக்காதுன்னு அப்பறமாச் சொல்றேன். நானும் அவளும் போயி காப்பித் தோட்டத்துக்குள்ள குழி தோண்டி இதப் பொதைச்சுட்டு வந்தர்றோம்.

சாந்தாமேரி: அழுவா.

ஐயாக்கண்ணு: அழுகட்டுங்க. தோள்ல போட்டுக்கறேன். ஆனா அத்தாயி... நீ ஏன் இப்படிக் கல்லாட்ட நிக்கற? உங்கிட்ட மறைச்சது தப்புதான். புள்ளையப் போட்டு அடிச்சுருவியோன்னுதான் சொல்லல. அவ மேல கை வெக்க மாட்டேன்னு டீச்சர் முன்னால சொல்லு.

அத்தாயி: அடிக்கறதாங்க... நான் சேலத்துல இருந்து திரும்பி வந்த அன்னிக்கே, மடியில மூஞ்சியப் பொதைச்சுட்டு, "நாந்தாம்மா சுச்சியப் போட்டேன்"ன்னு சொல்லிட்டா. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, தெரிஞ்சா அவளத் தொட மாட்டீங்கன்னு பயந்து, நானும் வாயத் தொறக்கல. "வெரலு மொளைக்கற வரைக்கும் அப்பாகிட்டச் சொல்லாதம்மா"ன்னா... ஏதோ கொழந்தப் பேச்சுன்னு நானும் செரின்னு தலைய ஆட்டிட்டேன்.