ஏழாம் வண்டிக்குப் பதில்

இரவு பதினொன்றரை இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகோடி. ஏரியை ஒட்டிப் போகிற சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. கொட்டுகிற பனியில் மாரிட் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். நம் நண்பன் கென்ட்டின் மைத்துனிதான். நம்பாவிட்டால் அவனையே கேளுங்கள்... ஆனால் பகலில் கேளுங்கள்.

அவளுக்கு மாவட்டச் சாலைத் துறையில் கம்ப்யூட்டர் வேலை. பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்கள் பத்திரமாக இருப்பதைத் தெரிவிக்க அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்துவார்கள். மென்பொருள் பதில் அனுப்பும். கோளாறு என்றால் மாரிட்டின் செல் அலறும். அந்த ஆதிகாலத்து மென்பொருளை அன்றைக்குத்தான் புதிய பதிப்புக்கு மாற்றி முடித்திருந்தாள். அவள் தம்பி டேலும் அந்த ராத்திரி வண்டி ஓட்டினான்.

மாற்றும்போது மென்பொருளில் ஒரு துண்டு இடித்தது. ஏழாம் வண்டிக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்கிற துண்டு. ‘தகவல் கிடைத்தது. வீட்டுக்கு வா.’ அவ்வளவுதான். ஏரியின் பனிக்கட்டி உடைந்து, ஏழாம் வண்டி ஓட்டுநரோடு மூழ்கிப் பல வருஷம் ஆகிறது. மென்பொருளின் வேறெந்தப் பகுதியும் இதைக் கூப்பிடவில்லை, அதாவது ‘கால்’ பண்ணவில்லை, தூக்கிவிடலாம் என்று திரையும் சொன்னது.

“தூக்காதே” என்றான் பக்கத்து மேஜை ரஸ். “புரோகிராம்ல யாரும் கால் பண்ணலதான். பனி கொட்டினா அவன் பண்ணுவான்.”

கதை விடாமல் போய் காபி போடு என்று சொல்லிவிட்டு மாரிட் அழித்துவிட்டாள்.

இப்போது செல் அடித்தது. இயந்திரக் குரல்.

“ஏழாம் வண்டி. பதில் இல்லை.”

புதுப் பதிப்பில் ஏதோ பிழை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். மறுபடியும் அதே அழைப்பு... அதே குரல். காருக்குள் ஏரித் தண்ணீர் வாடை. டீசல் நெடி. எங்கோ இரும்புத் தகடு தரையை வழிக்கிற சத்தம்... கர்ர்ர்... கர்ர்ர்...

டேலை அழைத்தாள்.

“ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. முன்னாடி ஒருத்தன் பனியைத் தள்ளிக்கிட்டே போறான். அவன் மஞ்ச லைட்டைப் பாத்து ஓட்டுறேன்.”

அந்தப் பக்கத்துக்கு வேறு வண்டியே அனுப்பவில்லை.

“எந்த ரோட்டுலடா இருக்க?”

“தெரியல... மேடு பள்ளமே இல்ல. வழவழன்னு போகுது.”

மேடு பள்ளம் இல்லாத சாலை அந்த ஊரில் ஏது? தம்பி ஏரிமேல் போய்க்கொண்டிருக்கிறான். நிறுத்து என்று கத்தினாள். பிரேக் பிடிக்கவில்லை என்றான் அவன். குரலில் இப்போது பயம்.

காரை ஓரங்கட்டி மடிக்கணினியைத் திறந்தாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்... பழைய பதிப்பு அப்படியே வேண்டும். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஆமையாக நகர்ந்தது. செல்லில் டேலின் மூச்சு. அதற்கும் கீழே, பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தம். டப்... டப்...

கோடு முழுசாக ஓடி முடிந்தது. ஏழாம் வண்டிக்குப் பழைய பதில் போயிற்று: ‘தகவல் கிடைத்தது. வீட்டுக்கு வா.’

“லைட்டு அணைஞ்சிருச்சுக்கா...” என்றான் டேல். “வண்டி நின்னுருச்சு.”

வந்த தடத்திலேயே நடந்து வரச் சொன்னாள். கரையில் காரின் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தாள். வந்தான். கட்டிப்பிடித்து அழுதாள். இருவரும் முன்னால் ஏறினார்கள். டேல் பெல்ட் போட்டான். க்ளிக். அவள் போட்டாள். க்ளிக்.

காரைக் கிளப்பினாள்.

பின்சீட்டில்... க்ளிக்.