சொன்ன இடத்தில் நிற்காத சுவர்

மகள்: ...அதெப்படிப்பா, சுவர் தானா நகரும்?

அப்பா: நகருதும்மா! சமையலறைச் சுவரைப் போட்டுட்டு நிமிர்றேன், அது ஹாலுக்குள்ள போய் நிக்குது. குளியலறைக்கு இப்போ கதவே இல்ல.

மகள்: நல்லதாப் போச்சு. அந்த வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுக் குளிக்கட்டும்.

அப்பா: சிரிக்காதே. இன்ஜினியர் காலையிலேர்ந்து போன் மேல போன். இன்னைக்கு பிளான் போகலேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாராம்.

மகள்: பதறாதீங்க. பேப்பர்ல வரைஞ்ச பழக்கத்துல கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீங்களே... இந்த கம்ப்யூட்டர் டச் ஸ்க்ரீன்ப்பா. விரல் பட்டா சுவரையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும்.

அப்பா: அதேதான்! அந்தச் சனியனை அணைச்சுத் தொலை.

மகள்: நான் ஆபீஸ்ல இருக்கேன், நீங்கதான் அணைக்கணும். போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக். டிவைஸ் மேனேஜர்னு ஒண்ணு வரும்.

அப்பா: இரு... இரு... ச்சே, வேற என்னமோ திறந்துடுச்சு.

மகள்: மூடிட்டு மறுபடி.

அப்பா: ...ம், வந்துடுச்சு.

மகள்: அதுல ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ். பக்கத்துல சின்னதா அம்புக்குறி இருக்கும், அமுக்குங்க. உள்ள, டச் ஸ்க்ரீன்னு முடியுற வரி...

அப்பா: இருக்கு, இருக்கு.

மகள்: அதுமேல ரைட் கிளிக், டிஸேபிள். பார்த்துப்பா, மவுஸை அணைச்சுடப் போறீங்க!

அப்பா: கத்தாதேம்மா, வரி தப்பித் தப்பிப் போகுது... ஆங். அணைஞ்சுடுச்சு.

மகள்: விரலை வச்சு இழுத்துப் பாருங்க.

அப்பா: அசையவே இல்ல. அப்பாடா!

மகள்: இப்போ மவுஸால சுவரைச் சரியான இடத்துல வைங்க.

அப்பா: இரு, வச்சுக்கிட்டிருக்கேன்.

மகள்: வச்சாச்சா?

அப்பா: ...

மகள்: அப்பா, லைன்ல இருக்கீங்களா?

அப்பா: மறுபடியும் ஹாலுக்குள்ள போயிடுச்சு. இந்த கம்ப்யூட்டரே கோளாறும்மா.

மகள்: டச்சைத்தான் அணைச்சாச்சே. இனி மவுஸ் சொன்னாத்தானே நகரும்?

அப்பா: அப்போ மவுஸ்தான் கோளாறு.

மகள்: போன வாரம் வாங்கின மவுஸ்ப்பா அது.

அப்பா: புதுசுன்னா கெட்டுப் போகாதா? எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி!

மகள்: அப்பா... கை நடுங்குதா?

அப்பா: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

மகள்: சொல்லுங்கப்பா.

அப்பா: வலது கை மட்டும்தான். கொஞ்ச நாளா. உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுடாதே. இன்ஜினியர் காதுக்குப் போச்சுன்னா என் பொழைப்பே போச்சும்மா. போன பிளான் வரைக்கும் எப்படியோ சமாளிச்சுட்டேனே... ஒரு கோடு பிசகலைன்னு அவரே பாராட்டினார் தெரியுமா?

மகள்: இன்ஜினியருக்கு மெயில் பண்ணுன்னு எனக்கு அனுப்பினீங்களே, அந்த பிளான்ல ஒரு சுவர்கூட நேரா இல்லப்பா. அம்மாதான் திறந்து பார்க்கச் சொன்னாங்க, நான்தான் நேராக்கி அனுப்பினேன். உங்ககிட்ட கேட்க எங்க ரெண்டு பேருக்குமே பயம்... இதையும் எனக்கே அனுப்புங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட மூணு பேருமாப் போவோம்.