ஆளுக்கொரு கிளாஸ்

...ஆளுக்கொரு கிளாஸாம்! கேட்டீங்களா இந்த அநியாயத்த? ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு நாற்காலி. நாற்காலி முதுகுல பேர் எழுதின சீட்டு வேற. இது கார்னிவல் விருந்தா, இல்ல பல் டாக்டர் வீட்டு வராந்தாவா? உக்காருங்கண்ணே, உக்காருங்க. இது உங்க பேர் போட்ட நாற்காலி இல்லதான். இருந்தா என்ன? உங்க பேர் போட்டதுல மேளக்காரன் சாஞ்சு தூங்குறான்.

நீங்கதானே டான் எவாரிஸ்தோ? எங்க தெரு முனையில புதுசா செருப்புக் கடை போட்டவரு? கடற்கரைப் பக்கம்தானே உங்களுக்கு? நான் கிரிமனேசா. உங்க கடைக்கு எதிர்த்தாப்ல நீலக் கதவு இருக்கு பாருங்க, அது நம்ம வீடு. ஊர் வம்பு எல்லாம் அந்த நீலக் கதவுக்குப் பின்னாடிதான்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்க. கண்ணுல படுறத சொல்றேன், அவ்வளவுதான். கண்ணைக் குடுத்தவன் மேலதான் தப்பு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்... கிளாஸ். உங்க ஊர்லயும் பீர் குடிக்கிறது எங்கள மாதிரிதானே? சுத்தி நிப்போம். ஒரு பாட்டில், ஒரே கிளாஸ். நான் எனக்கு ஊத்திக்கிட்டு பாட்டில உங்க கையில குடுப்பேன். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க பாட்டிலப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். அடியில கெடக்கிற நுரைய மண்ணுல உதறிட்டு கிளாஸ உங்ககிட்ட நீட்டுவேன். வேற வழியே கிடையாது, பேசித்தான் ஆகணும்! போன வருஷம் பாருங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வாய்க்கால் தண்ணித் தகராறுல மூஞ்சில முழிக்கிறதில்ல. வட்டத்துல பக்கத்துப் பக்கத்துல மாட்டிக்கிட்டானுங்க. அண்ணன் சொட்டுச் சொட்டாக் குடிக்கிறான். தம்பி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "சீக்கிரம் குடிச்சுத் தொலைடா, தொண்டை காயுது"ன்னான். அம்புட்டுதான். சண்டை தீந்துது!

இப்பப் பாருங்க. அவனவன் கிளாஸ அவனவன் மடியில வெச்சுக்கிட்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி... ஊமைக் கூட்டம். எழவு வீட்டுல கூட இதவிட நல்லாப் பேசுவோம்.

எங்க பாக்குறீங்க? வாசலா? வாசல் அங்கயேதான் இருக்கும், ஓடிப் போகாது. வாசல்ல பலகை பாத்தீங்களா? "தண்ணீர் ஊற்றும் முன் அனுமதி கேட்கவும்." கார்னிவல்ல! அனுமதி கேட்டுட்டு ஒருத்தி தலையில வாளித் தண்ணிய ஊத்தினா, அதுக்குப் பேரு கார்னிவலா, குளிப்பாட்டி விடுறதா?

ஸ்ஸ்... விருந்து வெச்சவ வர்றா, வர்றா. சிரிங்க. கிளாஸத் தூக்கிக் காட்டுங்க. "அமர்க்களம் க்ளோரிந்தா! ராணி வீட்டு விருந்து மாதிரி இருக்குடி! ...ஆமா, சாப்டுட்டோம், வயிறு முட்ட... துணியா? எதுக்கு, ஏற்கனவே மூணு இருக்கே மடியில... சரி குடு, குடு."

போயிட்டாளா? வயிறு முட்டவாம்! தட்டப் பாத்தீங்கல்ல? தட்டு தெப்பக்குளம் அளவு. நடுவுல கூய்க்கறி ரெண்டு துண்டு, எலும்பு இல்லாம, தோல் இல்லாம, மேல ஒரு இலை. அண்ணே, கூய்னா என்ன? அடுப்படியில கொழுகொழுன்னு, கீச்சுக் கீச்சுன்னு புல்லு தின்னுக்கிட்டு ஓடித் திரியுமே, அந்தக் கினி எலி. அது தட்டுல முழுசா, தலையோட, காதோட, பல்லோட படுத்திருக்கணும். தலை இருந்தாத்தானே பூனை இல்லைன்னு தெரியும்? அந்தப் பக்கம் செனோபியோ மாமா தட்டப் பாத்துட்டு, "க்ளோரிந்தா, உங்க வீட்டுச் சாம்பல் பூனை நல்லாருக்கா?"ன்னு கேட்டார். அவ அதப் பாசம்னு நெனச்சுக்கிட்டு, "நல்லாருக்கு மாமா, நன்றி"ங்கிறா!

கேட்டா, படிச்சாளாம். ஆமாண்ணே, படிப்பு! லிமாவுல ஒரு பொம்பள போன்ல பாடம் எடுக்கிறாளாம், விருந்து குடுக்கிறவங்க எப்படி இன்னும் நல்லாக் குடுக்கிறதுன்னு. மழைக்காலம் முழுக்க க்ளோரிந்தா அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நேரத்துக்குத் தொடங்கணுமாம். அழைப்புச் சீட்டுல "சரியாக மூன்று மணி"ன்னு போட்டா. மூணு மணிக்கு யாருய்யா வருவா? அவளும் புருஷன் நிக்கனோரும் இஸ்திரி போட்ட துணியில வாசல்ல நின்னு காத்துக்குக் கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் நீலக் கதவ லேசாத் திறந்து வெச்சுப் பாத்தேன். பாவமா இருந்துச்சு. போயிருக்கலாம்தான்... ஆனா முதல் ஆளாப் போனா மரியாதை என்ன ஆகுறது?

அப்புறம் இந்தக் கேள்விச் சீட்டு. உங்களுக்கும் குடுத்தாளா? என்ன வந்துது உங்களுக்கு? "உங்களை மகிழ்விப்பது எது?"வா! செருப்புக் கடைக்காரர் என்ன சொல்றது, பெரிய பாதம்னா? எனக்கு வந்தது, "பிறர் உங்களிடம் பாராட்டுவது என்ன?" பக்கத்துல இருந்தவங்க எல்லாம் திடீர்னு தட்டப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

என்னது? ஏன் இப்படி மாறிட்டாள்னா கேக்குறீங்க? முன்ன எப்படி இருந்தாள்னா?

முன்ன... முன்ன ஒழுங்காத்தான் இருந்தா. இதே முற்றம், இதே நிக்கனோர், ஒரே கிளாஸ், தலையோட கூய். சுமாரா இருக்கும். சிரிச்சுக்கிட்டு இருப்பா. எனக்கு என்ன தெரியும் ஏன் மாறினான்னு? யாரோ என்னமோ சொல்லியிருப்பாங்க.

யாரா? அது... அண்ணே, நீங்க புதுசு. இங்க கார்னிவல்னா வீடு வீடாப் போய்ப் பாட்டுக் கட்டிப் பாடுவோம். நக்கல் பாட்டு. பாடுறது வழக்கம், வாங்கிக்கிறது வீட்டுக்காரங்க கடமை. ஊர்ல பாட்டுக் கட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான், அதை நான் சொல்லக் கூடாது. போன வருஷம் இவ வீட்டுல பாடினேன், சாதாரணமா,

*க்ளோரிந்தா வீட்டுக் கோப்பை
குளிச்சு வருஷம் ஆச்சு;
வாய் வெச்சவன் பேரெல்லாம்
விளிம்புல எழுதியாச்சு!*

சிரிச்சீங்களா இல்லையா? நீங்களே சிரிக்கிறீங்க! ஊரே சிரிச்சுது. அவளும் சிரிச்சா... சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. உள்ள போய்ட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா, கண்ணு சிவந்திருந்துச்சு, அடுப்புப் புகைன்னு நெனச்சேன். அதுக்குன்னு கிளாஸ் கடையையே வாங்கிட்டு வருவாளா ஒருத்தி?

கூயா? அது அதுக்கு முந்தின வருஷம்.

*தட்டுல படுத்த கூயி
பல்லைக் காட்டிச் சிரிக்குது;
நிக்கனோரு மாமன்கிட்ட
ஜாடை கொஞ்சம் இருக்குது!*

இருக்குதா இல்லையா? அந்த முன்பல்லப் பாருங்க! உள்ளதைத்தானே பாடினேன்? அதுக்குத் தலைய வெட்டிட்டா நான் என்ன பண்றது? தண்ணி, வாளி, நேரம்... எல்லாத்தையும் பத்திப் பாடினேனாம். பாடியிருப்பேன். பாட்டு வேற, பேச்சு வேற. பாட்டக் கேட்டுட்டு வீட்ட மாத்துறவள நான் எங்கயும் பாத்ததில்ல.

எங்க வீட்டுலயா? விருந்தா? அய்யோ, நாங்க எங்கண்ணே... எங்க வீட்டு முற்றம் சரிவு, மரம் நட முடியாது. எங்க வீட்டுக்காரர் கசிமிரோவுக்கு முழங்கால் வலி. இப்பவும் பாருங்க, பன்னிக் கொட்டிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னுக்கிட்டு, நாலு பேரச் சேத்துக்கிட்டு, ஒத்தக் கிளாஸ்ல குடிச்சுக்கிட்டு இருக்கார். அதுக்கு மட்டும் முழங்கால் வலிக்காது.

ஆகா, உன்ஷா தொடங்கிருச்சு! எழுந்திரிங்க, எழுந்திரிங்க. இதுதான் விருந்துலயே விருந்து. அந்த மரத்தப் பாத்தீங்கல்ல, நடுவுல நட்டு வெச்சது? கம்பளி, வாளி, தொப்பி, பிளாஸ்டிக் கூடை எல்லாம் தொங்குதே, மரம் விழுந்ததும் ஊரே அள்ளிக்கிறதுக்கு? கையக் கோத்துக்கிட்டு சுத்தி ஆடணும். ஜோடி ஜோடியா உள்ள போய் ஆளுக்குக் கொஞ்சம் கோடாலியால வெட்டணும். மரம் யார் கையில விழுதோ, அந்த ஜோடி அடுத்த வருஷம் மரம் நட்டு ஊருக்கே விருந்து வெக்கணும். அய்யய்யோ, முழிக்காதீங்க! விழ வைக்காம வெட்டுறதுலதான் சூட்சுமம். க்ளோரிந்தா ஜோடிக்கு அது தெரியல, வருஷா வருஷம் அவங்க கையிலயே விழுது. எத்தனை வருஷமா ஆடுறேன், ஒரு தடவை விழுந்திருக்குமா என் கையில? கோடாலிய லேசாச் சாச்சுப் பிடிக்கணும். மரப்பட்டைக்கு முத்தம் குடுக்கிற மாதிரி. பாக்கிறவனுக்கு வெட்டுற மாதிரி இருக்கும், மரத்துக்குத் தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கும். இவங்க வீட்டுக் கோடாலிக்கு அதுகூட வேணாம், மொட்டைக் கோடாலி, வாழத்தண்டு கூட அறுபடாது. பயப்படாம வாங்க. கையக் குடுங்க. அட, குடுங்கண்ணே, நான் என்ன கடிச்சா தின்னப் போறேன்?

இடது பக்கம்... இடது... என் காலு! செருப்புக் கடை வெச்சிருக்கீங்க, காலு எங்க இருக்குன்னு தெரியல உங்களுக்கு.

பாருங்க பாருங்க, அந்தம்மா ஆட்டத்துக்கு நடுவுலயும் கை தொடைக்கத் துணி குடுத்துக்கிட்டே வர்றா. வட்டம் உடையுது! யாராச்சும் சொல்லுங்கய்யா அவகிட்ட! ஆடுறவன் வேர்வையோடதான் ஆடுவான்!

நம்ம முறை. போங்க, நீங்க முதல்ல. ...அவ்வளவுதானா? கொசு அடிக்கிற மாதிரி. நல்லது, நல்லது, அப்படித்தான். குடுங்க இப்படி. என்ன இது, பளபளன்னு இருக்கு... புதுசா? சரி, பிடிங்க என் சால்வைய. இதோ பாருங்க, இப்படிச் சாச்சு...

என்னடி க்ளோரிந்தா? என்ன? கண்ணாடியா? எதுக்குடி கண்ணாடி? "கண்ணுல மரத்தூள் படாம இருக்க"வா? மரம் வெட்டுறதுக்குக் கண்ணாடி போட்டுக்கிறதா! எங்கப்பா வெட்டினார், எங்க தாத்தா வெட்டினார், ஒருத்தன் கண்ணாவது போச்சா? தள்ளிப் போ! இதெல்லாம் உனக்கு எவ சொல்லிக் குடுத்தா, ஆங்? எவ? ஊர் வழக்கத்தையே... இந்தா! இதுதான் உன்ஷா! இப்படித்தான் வெட்டுறது! இப்படி! இப்ப...

...

அய்யோ.

இல்ல. இல்ல இல்ல. காத்து. காத்துல விழுந்துச்சு. எல்லாரும் பாத்தீங்கல்ல, காத்து அடிச்சுதுல்ல? ஏய், வாளியத் தூக்கிட்டு ஓடாதீங்கடா, நில்லுங்க, இது கணக்குல வராது! நான் தடவித்தான் குடுத்தேன்! கோடாலிதான்... நிக்கனோர், இங்க வாய்யா. என்னய்யா கோடாலி இது? சவரக் கத்தி மாதிரி இருக்கு! ...என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும். "போன வருஷம் நீங்கதானேக்கா பாடுனீங்க, இந்தக் கோடாலிக்கு வெண்ணெய்கூட வெட்டத் தெரியாதுன்னு. அதான் பட்டறைக்கு அனுப்பித் தீட்டி வாங்கினேன்"...

சரி, சத்தம் போதும். நான் பாடினேனா? ...பாடினேன் போலிருக்கு.

சரி, விடுங்க, ஜோடியாத்தானே விழுந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து பண்ணிட்டாப் போச்சு. செருப்புக் கடைக்காரர் இருக்கார், மனுஷன் நல்லவரு, பாரத்தப் பாதி... டான் எவாரிஸ்தோ? அண்ணே? இங்கதானே நின்னீங்க? என் சால்வ மட்டும் மரக்கட்ட மேல கெடக்கு... அந்தா, அந்தா! வாசல்ல ஒரு தொப்பி! அது அவரு தொப்பிதானே? பிடிங்கய்யா அவர! தண்ணி ஊத்தி நிறுத்துங்க! அனுமதியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்!

போயிட்டார். அந்தக் காலு ஆடத்தான் தெரியாது, ஓட நல்லாத் தெரியுது.

மாலை எதுக்குய்யா என் கழுத்துல? வேணாம்... கசிமிரோ எங்க? கொட்டிலுக்குப் பின்னாடிதானே இருந்தார்? "அவருக்கு முழங்கால் வலி வந்திருச்சு"வா? வரும், வரும். வீட்டுக்கு வரட்டும், வலின்னா என்னன்னு நான் காட்டுறேன்.

யாரு பாடுறது? கூட்டத்துல யாரு... க்ளோரிந்தாவா? அவளுக்குப் பாடத் தெரியுமா? எத்தனை வருஷமா இந்தப் பக்கம் இருக்கா, வாய் திறந்து ஒரு வரி...

*ஊருப் பந்தி எல்லாத்திலயும்
ஓட்டை பாத்த கண்ணு;
அடுத்த வருஷம் உன் முற்றம்,
அடுப்ப மூட்டு பொண்ணு!*

சிரிக்கிறாங்க. செனோபியோ மாமாவுக்கு இருமலே வந்திருச்சு சிரிச்சுச் சிரிச்சு. மேளக்காரன் முழிச்சுக்கிட்டான்.

...நல்லாத்தான் கட்டியிருக்கா, பாவி. கடைசி வரி கச்சிதம்.

ஏய், க்ளோரிந்தா. இங்க வா. இந்தப் பக்கம், தள்ளி வா, எல்லாரும் கேக்குறாங்க. கோவம் ஒண்ணும் இல்லையே? நானும் சும்மா விளையாட்டுக்குத்தான்... வருஷா வருஷம்... சரி, அத விடு. ஒண்ணு கேக்கணும்.

அந்தக் கிளாஸெல்லாம்... ஊருக்கே வருமாடி? அடுத்த கார்னிவலுக்கு எனக்குக் கொஞ்சம் இரவல் தருவியா? அப்புறம்... அந்த லிமாக்காரி. போன்ல பாடம் எடுக்கிறாளே. அவ பேரு என்னன்னு சொன்ன?