ரெண்டு பனியன்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகிற கம்பெனி பஸ். நல்ல வெயில். எனக்கு முன்சீட்டில் ஒரே லைனில் வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், மற்றவருக்கு நாற்பது.

"உள்ள ரெண்டு பனியன் போட்டுகினு கீறேண்ணா" என்றான் இளையவன்.

"இந்த வெயில்லயா? இன்னாத்துக்குடா?"

"மாரு பொம்பளைங்களுது மாதிரி தெரியக்கூடாதுன்னுதான். கல்யாணமாகி நாலு மாசம் ஆவுது. இன்னும் அவ முன்னாடி சட்டைய கழட்டல."

பெரியவர் அவன் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு கீறேன். சின்னதா ஓட்டை போட்டு கொழுப்ப உறிஞ்சி எடுத்துடுவாங்களாம். மயக்க ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாரு. அதான் பயமா கீது."

"உடம்பு நல்லாத்தானடா கீது? எதுக்கு போய் கத்தி வெச்சிக்கற?"

"டிரஸ் மாத்துற ரூம்ல தெனமும் 'வாக்கா, போக்கா'ன்றாங்களேண்ணா. எத்தினி நாளு சிரிச்சிகினே நிக்கறது?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரகடம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மொதமொதல்ல உன்ன அப்படி கூப்ட்டது நான்தாண்டா."

"தெரியும்ணா."

"தெரிஞ்சும் ஏண்டா என்னாண்ட வந்து சொல்ற?"

"ஆஸ்பத்திரியில கையெழுத்து போட ஒருத்தர் கூட வரணுமாம். வூட்ல சொல்ல முடியாது. மத்தவங்களுக்கு முதல்லேருந்து சொல்லணும். உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

பஸ் கம்பெனி கேட்டில் நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். பெரியவர் மட்டும் எழவில்லை.

"என்னிக்கு வரணும்?" என்று கேட்டார்.